ஊறப்போட்ட கலியாணம்

(கிளிநொச்சி. ஏ9 வீதியோரத்தில் ஒரு ஸ்ரூடியோ. மாமி ஒரு பிஸ்கட் தகரத்தை மேசையில் வைத்துத் திறக்கிறார். உள்ளே செங்கல் போல ஒரு கட்டி.)

தம்பி: இது என்ன மாமி?

மாமி: என் கலியாண ஆல்பம். 1984. பிரித்துத் தாரும்.

தம்பி: இதற்கு உளி அல்லவா வேண்டும்! எங்கே கிடந்தது?

மாமி: 2008இல் சண்டைக்குள் இடம்பெயரும்போது யூரியாப் பைக்குள் சுற்றிக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம். "பத்து நாளில் திரும்பிவிடுவோம், ஆல்பம் பாரம்" என்றார் உம்முடைய மாமா. அவருடைய வானொலிப் பெட்டி மட்டும் பாரமில்லையாம். அது விசுவமடுவில் மழையில் நனைந்து செத்தது. செத்த பிறகும் புதுக்குடியிருப்பு வரைக்கும் சுமந்தார்.

தம்பி: பிறகு?

மாமி: பிறகு எல்லாருக்கும் நடந்ததுதான். 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து கிண்டினோம். கறிவேப்பிலை செழித்து நின்றது. ஆல்பம் இப்படி.

தம்பி: இத்தனை வருடம் விட்டுவிட்டு இன்றைக்கு ஏன் அவசரம்?

மாமி: போன கிழமை பேரன் கதவுநிலையில் எல்லாருடைய உயரத்தையும் கோடு போட்டான். என் கோடு மேலே, அவருடையது கீழே. உடனே மனுசன் சொல்கிறார், "வயது போய்க் குறுகிவிட்டேன், கலியாணத்தன்று உன் அம்மம்மாவைவிட அரை அடி உயரம், படத்தில் இருக்கிறது" என்று. படம் இல்லாத துணிவு!

தம்பி: சரி, தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்ப்போம்.

மாமி: தண்ணீரால்தானே கெட்டது?

தம்பி: படத்தின் மேல்பூச்சு ஜெலற்றின், மாமி. ஈரம் பட்டால் இளகும். காயும்போது பக்கத்துப் படத்தைக் கவ்விக்கொள்ளும். காய்ந்தபடியே இழுத்தால் முகம் உரிந்து மற்றப் படத்தோடு போய்விடும். குளிர்ந்த நல்ல தண்ணீரில் கிடந்தால் சிலவேளை தானாக விடும். சிலவேளை விடாது.

மாமி: ஜெலற்றின் என்றால்?

தம்பி: மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது.

மாமி: சிவசிவா! தகரத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அல்லவா வைத்திருந்தேன்! மனுசன் வெள்ளிக்கிழமையில் மச்சம், மாமிசம் தொடமாட்டார்.

தம்பி: 40 வருடமாக மச்சத்துக்குள்தான் நிற்கிறார்.

(பின்நேரம். முதல் படம் விடுகிறது.)

தம்பி: மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து கிடக்கிறது. ஒரு கை, ஒரு தட்டம், அவ்வளவுதான்.

மாமி: என் மாமியார்.

தம்பி: முகமே இல்லையே!

மாமி: தட்டத்தைக் கொடுக்கிற கையா இது? திருப்பி எடுக்கிற கை. வேறு யாராக இருக்கும்?

தம்பி: இதில் ஒரு பெரியவரின் முகத்தில் தவில்காரரின் கன்னம் வந்து ஒட்டியிருக்கிறது.

மாமி: பெரியப்பா. குறையில்லை, அவர் கதைத்தாலும் தவில் சத்தம்தான்.

தம்பி: அடுத்ததில் ஒரு காது மட்டும்.

மாமி: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) சின்னவன். என் கடைசித் தம்பி. அம்மா முறுக்கி முறுக்கியே அந்தக் காது அப்படி விரிந்தது. மாத்தளனில் நடந்த சண்டைக்குப் பிறகு அவன் இல்லை. வேறு படமும் இல்லை. அந்தக் காதைத் தனியாக எடுத்து வையும். ஏன் பேசாமல் நிற்கிறீர்? மற்றதைப் பிரியும்.

தம்பி: பேரனிடம் போனில் நிறையப் படம் இருக்குமே?

மாமி: நிரம்பி வழிகிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிப் போனேன். "அம்மனை வடிவாகப் பார்த்தாயா?" என்று கேட்டால், "பொறுங்கள் அம்மம்மா" என்று போனைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஓம், பார்த்திருக்கிறேன்" என்கிறான்.

தம்பி: அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் இதைச் சோதித்து 2014இல் எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களைவிட, வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் கூட நினைவிருந்ததாம். ஆனால் கிட்டப் போய் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லையாம்.

மாமி: அந்த அம்மாவைக் கேட்காமலே நான் சொல்லியிருப்பேன். அது என்ன, சேலைக் கரை தெரிகிறது?

தம்பி: இதுதான் மாமி, மணமக்கள் படம்! ஆனால்... மேல் பாதி வெள்ளையாகப் போய்விட்டது. இடுப்புக்குக் கீழேதான் மிச்சம். கணினியில் புதிய முகம் போட்டுத் தரட்டுமா? அச்சு அசல் இளமையாக வரும்.

மாமி: வேண்டாம். எனக்குப் பக்கத்தில் வேறு யாரோ ஒரு பெடியன் வந்து நிற்பான். ஊர் கதைக்கும்.

தம்பி: அப்படியென்றால் உயர வழக்கு தள்ளுபடி.

மாமி: பொறும். அவருடைய காலுக்குக் கீழே என்ன?

தம்பி: நிழல்... இல்லை. ஏதோ கட்டை.

மாமி: பலகைக்கட்டை! எங்கள் குசினிப் பலகைக்கட்டை! அன்றைக்கு முழுக்க என் அம்மா அதைத் தேடித் திரிந்தார்!

தம்பி: படமெடுத்தவர் ஏற்றிவிட்டிருப்பார். நாங்கள் இப்போதும் செய்கிறோம். ஆனால் காலை வெட்டிவிட்டுத்தான் படத்தைக் கொடுப்போம். அந்த மனிதர் வெட்ட மறந்துவிட்டார்.

மாமி: நல்லாயிருப்பார். தம்பி, காலை மட்டும் பெரிதாக்கும். 12க்கு 18. கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போடும்.

(மாமியின் போன் அடிக்கிறது.)

மாமி: ஓமப்பா, படம் வந்துவிட்டது... வடிவாக இருக்கிறீர்கள்... ஓம் ஓம், நீங்கள்தான் உயரம். (போனை வைத்துவிட்டு) சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அதற்கு முதல் முடியுமா?