ரோபோ சங்கர்: எந்தச் சர்ச்சைக்கு எவ்வளவு கோபம்?

நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் 2025 செப்டம்பர் 18 அன்று சென்னையில் இறந்தார். 46 வயது. சாகிற வயதா அது? ஆனால் அவர் பேச்சை எடுத்தாலே இன்னமும் பலர் முதலில் கேட்பது, "இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடினாரே, பார்த்தீங்களா?" என்றுதான். அந்த வீடியோவுக்குக் கீழே வந்த வசவுகளைப் படித்தபோது ஏற்பட்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் கொங்குப் பக்கத்து ஆட்களும் அதில் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் தப்பட்டைச் சத்தம் கேட்காத எழவு வீடு குறைவு. அடி ஏற ஏற, மாமன் மச்சான் முறைக்காரர்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பேரன் பேத்தி எடுத்துப் போன பெரியவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதையெல்லாம் மரியாதைக் குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லை. கட்டின மனைவி ஆடினால் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த ஆத்திரம்? அந்த அம்மாவும் நடனம் ஆடுகிறவர். புருசனும் பொண்டாட்டியும் ஆடிப் பாடி வாழ்ந்த குடும்பம். அவர் எப்படி அழ வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

சங்கர் மதுரைக்காரர். உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு கிராமத்து மேடைகளில் ரோபோ போல ஆடியதால்தான் அந்தப் பெயர். விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' அவரை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விஜயகாந்த் குரலை அவர் எடுத்தாலே கூட்டம் எழுந்துவிடும். பிறகு 2015-இல் 'மாரி', 2019-இல் 'விஸ்வாசம்' என்று சினிமாவிலும் நிலைத்தார்.

அந்தப் பெயின்ட் வேலை எவ்வளவு பாடு என்பது மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிவகிரிப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பியில் அப்படி ஆடிய ஒரு பையனைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, அதன்மேல் பெயின்ட். ஆடி முடித்து வந்ததும் பழைய வேட்டித் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். காது மடலிலும் நகக்கண்ணிலும் இருந்தது எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தோல் சிவந்துவிட்டது. அதோடே வேனில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டான். சங்கரும் இந்த வாழ்க்கையில் இருந்து மேலே வந்தவர்தான்.

சரி, அவர்மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது.

2023 பிப்ரவரியில் வீட்டில் கிளி வளர்த்ததற்காக வனத்துறை 2.5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டிய யூடியூப் வீடியோவில் கிளிகள் தெரிந்ததால் வந்த வினை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பது குற்றம். அபராதம் சரிதான். ஆனால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பட்ட தென்னையின் பொந்தில் கைவிட்டு எடுத்த கிளிக்குஞ்சைத் திண்ணையில் வளர்த்த வீடுகள் எத்தனை! அது குற்றம் என்றே தெரியாமல் வளர்த்தவர்கள்தான் அதிகம். அவர் பணத்தைக் கட்டினார், அதோடு அது முடிந்தது.

எனக்கு முடியாமல் இருப்பது 2023 ஜூலையில் 'பார்ட்னர்' பட நிகழ்ச்சியில் அவர் பேசிய பேச்சு. உடன் நடித்த ஹன்சிகாவின் காலைத் தொடுகிற ஒரு காட்சி. ஹன்சிகா சம்மதிக்கவில்லை. ஒரு பெண் தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொன்னதை, அவரையும் மேடையில் வைத்துக்கொண்டே வேடிக்கைக் கதையாகச் சொன்னார் சங்கர். அது தப்பு. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். கண்டனம் வந்தது. ஆனால் இரண்டு வருசம் கழித்து அவர் மனைவிமேல் விழுந்த வசவில் பாதி அளவுகூட அன்று நான் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சு திடீரென்று வந்துவிடவில்லை. 'அது இது எது' நிகழ்ச்சியில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று உண்டு. எதிரே நிற்பவர் சிரிக்கக் கூடாது, கலைஞர்கள் எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும். சங்கரும் அதில் கலக்கியவர்தான். நல்ல திறமையெல்லாம் வெளிப்பட்ட மேடை அது, மறுக்கவில்லை. ஆனால் கடிகாரம் ஓடுகிறது, எதிராளி சிரிக்கவில்லை என்றால் கைக்கு முதலில் வருவது ஒருத்தருடைய நிறம், பருமன், இல்லாவிட்டால் சேலை கட்டிய ஆணின் இடுப்பு. சிரிப்பும் உடனே வந்துவிடும். வருசக்கணக்காக அப்படியே சம்பாதித்துப் பழகிய வாய், படவிழா மேடையில் மட்டும் எப்படி அடங்கும்? அந்த நிகழ்ச்சிகளை நடத்திய சேனல்களையும், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த நம்மையும் விட்டுவிட்டு அவரை மட்டும் திட்டுவது நியாயமாகப் படவில்லை.

மஞ்சள் காமாலை வந்து பாதி உடம்பாக இளைத்தபோது, கெட்ட பழக்கங்கள்தான் தன்னைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது என்று சங்கர் பொதுவில் வெளிப்படையாகவே சொன்னார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? அவர் ஒளிக்காமல் சொன்னதையே எடுத்து, "குடித்தே செத்தான்" என்று அவர் படத்துக்குக் கீழே எழுதினார்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

வருகிற பங்குனியில் எங்கள் ஊரில் பூச்சாட்டுத் திருவிழா. பல்சுவை நிகழ்ச்சிக்கு முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே ட்ரூப்காரரிடம் இரண்டு விஷயம் பேசிவிட வேண்டும் என்று கமிட்டியில் கேட்கப்போகிறேன். கூட்டத்தில் இருக்கும் பெண்பிள்ளையை மேடைக்கு இழுத்துக் கிண்டல் பண்ணுகிற ஐட்டம் வேண்டாம். பெயின்ட் பூசி ஆடுகிற பையனுக்குத் தனியாக ஒரு மறைப்பும், வெந்நீரும், தேங்காய் எண்ணெயும் கமிட்டி செலவில் கொடுத்துவிடலாம். நம் ஊர்க் கமிட்டிகளில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.