சல்லடையில் நிற்காத பிள்ளை

நேற்று மின்தூக்கியில் மேல்மாடி அக்கா கேட்டார், "உங்க சின்னவன் பி3 (தொடக்கநிலை 3) தானே, எங்க ட்ரெயினிங் போறான்?" நீச்சலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான்க்கா" என்றேன். அவர் கேட்டது ஜிஇபி, அதாவது மீத்திறன் மாணவர் திட்டத்தின் தேர்வுக்கான பயிற்சியை.

"அதைத்தான் எடுத்துட்டாங்களே?"

"பேரைத்தானே எடுத்தாங்க" என்றார். அதற்குள் என் மாடி வந்துவிட்டது. பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்.

சிங்கப்பூருக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காக: மீத்திறன் மாணவர்களுக்கான இந்தத் திட்டத்தை 1984-இல் தொடங்கினார்கள். தொடக்கநிலை 3 படித்த பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் ஆங்கிலம், கணிதம் என்று இரண்டு தாள் வைத்தார்கள். அதில் தேறியவர்களுக்கு அக்டோபரில் இன்னொரு சுற்று. அதில் பொது ஆற்றல் தாளும் இருந்தது. கடைசியில் அந்த வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் தேர்வாகி, தீவு முழுவதற்கும் இருந்த 9 பள்ளிகளில் ஒன்றில் தனிப் பாடத்திட்டத்தில் படித்தார்கள். ஒன்பது வயதில் எழுதிய தேர்வு அது. என் மகள் அந்த வயதில் காலணிக் கயிறு கட்டக்கூட என்னைக் கூப்பிடுவாள்.

அவள் முதல் சுற்றில் தேறினாள், இரண்டாவதில் இல்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான்தான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் என் மனதில் நிற்பது அவள் முடிவு இல்லை, அவளுடைய வகுப்புத் தோழியின் முடிவு.

எங்கள் புளோக்கில்தான் அந்தப் பிள்ளையின் வீடு. அம்மாவுக்கு உணவங்காடியில் வேலை. வீட்டில் தமிழ் மட்டும்தான். அந்த வருடத் தீபாவளிக்குக் கீழ்த்தளத்தில் என் மகளும் அவளும் சுண்ணக்கட்டியால் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடுத்தடுத்த புள்ளிக்கும் நடுவே இழை குறுக்கிட்டு ஓடுமே, அந்த வகை. என் மகளுக்கு ஒரே இழையில் முடியவே இல்லை. அந்தப் பிள்ளை தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "நாலுக்கு நாலு வெச்சா நாலு இழை வரும். நாலுக்கு ஆறுன்னா ரெண்டு. மூணுக்கு நாலு வை, ஒரே இழைதான்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரெண்டு நம்பரையும் எது வகுக்குதோ, அதுல பெரிசு எதுவோ, அத்தனை இழை ஆன்ட்டி." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம், போட்டுப் போட்டுப் பார்த்தாளாம். பொதுக்காரணியே தொடக்கநிலை 4-இல்தான் வரும். நான் வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் ஏழெட்டுக் கோலம் வரைந்து சரிபார்த்தேன். ஒன்றில்கூட அவள் தப்பவில்லை.

அந்தப் பிள்ளை முதல் சுற்றிலேயே நின்றுவிட்டாள். ஆங்கிலத் தாள் பாதிக்கு மேல் புரியவில்லை என்று சொன்னாளாம். அதே வகுப்பில் தேர்வான பையன் கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் ஒரு வருடமாக வாரம் இரண்டு நாள் இதற்கென்றே டியூஷன் போனவன். தயார் செய்ய வேண்டாம் என்று கல்வி அமைச்சு சொல்லிக்கொண்டே இருந்தது. டியூஷன் கடைகள் அந்த வரியையே விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தன.

2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் இந்தத் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கொண்டாட்டம் பாதி, ஒப்பாரி பாதி. இனி எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் வாய்ப்பு, பிள்ளை பள்ளி மாற வேண்டாம், ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் பயன்பெறுவார்கள், ஒரு பாடத்தில் மட்டும் வல்லவனாக இருந்தாலும் அந்தப் பாடத்தில் மேலே போகலாம். அந்த வருடம் தொடக்கநிலை 1-இல் சேர்ந்தவர்கள்தான் முதல் அணி. என் சின்னவனும் அதில் ஒருவன். தேர்வு இருக்கிறது, ஆனால் ஒரே கட்டம். அதோடு ஆசிரியரின் கணிப்பும் பிள்ளையின் வேலைகளும் சேரும்.

மனதார வரவேற்கிறேன். கோலம் போட்ட பிள்ளைக்கு இது அன்றைக்கு இருந்திருந்தால் கணிதத்தில் மட்டுமாவது ஒரு கதவு திறந்திருக்கலாம்.

ஆனால் "தேர்வே வேண்டாம், ஆசிரியரே சொல்லட்டும்" என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில் ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் முன்பு சோதித்தார்கள். பிறகு எல்லாரையும் சோதித்தபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிய பிள்ளைகளும் முன்பைவிட மிக அதிகமாகத் தேர்வானார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கை தூக்குகிறவன், எழுத்து அழகாக இருக்கிறவள், சொன்ன பேச்சு கேட்கிறவன்தான் முதலில் தெரிவார்கள். கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டு உயிரை எடுக்கிறவன் குறும்புக்காரன் பட்டியலில் இருப்பான்.

அதனால் எல்லாரையும் சோதியுங்கள். வீட்டில் பேசும் மொழி ஒரு பிள்ளையின் கணக்கு மூளையை மறைக்காத தாளாக இருக்கட்டும். தொடக்கநிலை 4, 5-இலும் உள்ளே வர வழி உண்டு என்கிறார்கள். அந்த வழி பெயருக்கு இல்லாமல், உண்மையில் ஆட்கள் நடக்கிற வழியாக இருக்கட்டும். ஒன்பது வயதில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை பதினொன்றில் விழிப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்!

மேல்மாடி அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சின்னவனை எந்தப் பயிற்சிக்கும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். அவன் அப்பாவும் சரி என்றார். ஆனால் போன மாதம் லெட்டர்பாக்ஸில் வந்த டியூஷன் விளம்பரத் தாள், கட்டண விவரத்தோடு, எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே இருக்கிறது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.