பூனையின் ஈரல் புழுவும் சாளை மீனும்

குளச்சல் சாளையைப் பச்சையாகத் தின்பதால்தான் பூனைக்கு ஈரல் புழு வருகிறது, மாதம் ஒரு குடற்புழு மாத்திரை போதும் எனப் பூனை வளர்ப்பவர் ஒருவர் எழுதியிருப்பது இரண்டு வகையிலும் தவறு. மீன்வழி பரவும் ஈரல் புழு நன்னீர் மீன்களுக்குரியது. கடல் மீனான சாளைக்கு அதில் பங்கில்லை. வெப்பமண்டலப் பூனைகளைத் தாக்கும் பிளாட்டினோசோமம் என்ற புழு, நிலநத்தையிலும் சருகடியில் வாழும் சிறு கணுக்காலிகளிலும் வளர்ந்து, அவற்றைத் தின்ற பல்லி, அரணை, தவளை வழியாகவே பூனையின் பித்தநாளத்தை (ஈரலிலிருந்து பித்தநீர் வடியும் குழாயை) அடைகிறது. ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில், சுவர்ப்பல்லியைப் பூனை வாலோடு விழுங்குவதை யார்தான் தடுக்க முடியும்? நாடாப்புழுவுக்குத் தரும் பிராசிகுவாண்டல் மருந்தின் அளவு இதற்குப் போதாது. கூடுதல் அளவில், சில நாட்கள் தொடர்ந்து, கால்நடை மருத்துவர் தீர்மானித்துத் தர வேண்டியது அது. பித்தநாளம் முழுதும் அடைபட்டால் மலத்தில் புழுவின் முட்டையே தென்படாது என்பதால், ஈறு மஞ்சளித்த பூனைக்கு மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.