அடிமாட்டு விலைக்கு விற்றது தப்பா?

அரசு தன் இயந்திரங்களை அடிமாட்டு விலைக்கு விற்றது என்று செய்தி வந்தால் நமக்கு உடனே கோபம் வருகிறது. யாரோ கமிஷன் அடித்துவிட்டான், அவ்வளவுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வாங்கியவன் யார் என்று பார்க்காமல் விலையை மட்டும் பேசுவதில் பயனில்லை என்பது என் கட்சி.

இரண்டாம் உலகப் போரின்போது, தனியார் பணம் போடத் தயங்கிய இடங்களில் அமெரிக்க அரசே ஆலை கட்டியது. லேத், மில்லிங் மெஷின், பிரஸ் எல்லாம் வாங்கிப் போட்டு, நடத்த மட்டும் கம்பெனிகளிடம் கொடுத்தது. சண்டை நின்றதும் இத்தனையையும் என்ன செய்வது? அதற்கு 1944லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஏகபோகத்தைத் தடுப்பது, சிறு தொழிலைத் தாங்குவது, போர் முடிந்து திரும்புகிறவர்களுக்கு வழி செய்வது என்று அதில் நோக்கங்கள் நீளமாகப் போகும். அரசுக்கு நியாய விலை கிடைப்பது பட்டியலின் கடைசியில்தான் வருகிறது!

அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன்பு வரை அங்கே அலுமினியம் உருக்கியது அல்கோவா என்ற ஒரே கம்பெனி. போர்க்கால அரசு ஆலைகளில் பெரும்பாலானவற்றைக் கட்டி நடத்தியதும் அதுதான். அதிக விலைதான் முக்கியம் என்றால் அதனிடமே தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். உபரிச் சொத்துகளுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டூவர்ட் சிமிங்டன் அப்படிச் செய்யவில்லை. ஆர்க்கன்சாவின் ஹரிகேன் கிரீக் ஆலையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அங்குள்ள செய்முறைக்குக் காப்புரிமை அல்கோவாவிடம். ஆலையை யார் வாங்கினாலும் அந்தக் காப்புரிமைக்கு அனுமதி இல்லாமல் ஓட்ட முடியாது. நெருக்கிப் பேசி, 1946 ஜனவரியில் ராயல்டி இல்லாத உரிமத்தை வாங்கிவிட்டார்கள். ஆலைகள் ரெனால்ட்ஸ், கைசர் என்ற வேறு இரண்டு கம்பெனிகளுக்கு, கட்டிய செலவைவிட மிகக் குறைந்த தொகைக்குப் போயின. 1950 வாக்கில் அல்கோவாவின் பங்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அதே சட்டம், அதே 1946. யூட்டாவில் சுமார் 20 கோடி டாலரில் கட்டிய ஜெனீவா எஃகு ஆலையை 4.75 கோடிக்கு விற்றார்கள். வாங்கியது யார்? நாட்டின் மிகப் பெரிய எஃகுக் கம்பெனியான யு.எஸ். ஸ்டீல்! ஆலை ஓடியது, ஊருக்கு வேலை கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முன்னதில் மலிவு விலை கொடுத்துப் போட்டியை வாங்கினார்கள். இங்கே மலிவாக விற்றும், பெரியவன் இன்னும் பெரியவனாக ஆனதுதான் மிச்சம். எனக்குக் கோபம் வருவது இந்த விற்பனை மேல்தான்.

அப்புறம், முதல் உலகப் போருக்குப் பின் நடந்த ஒன்று. 1919இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், ராணுவத் துறையிடம் மீந்த இயந்திரங்களைத் தொழிற்பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அடக்க விலையில் 15 சதவீதத்துக்கே விற்க அனுமதித்தது. கணக்குப் புத்தகத்தில் 85 சதவீதம் நஷ்டம். அதற்காக எந்தத் தணிக்கை அதிகாரியும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பேன்.