தனி ஆளுக்கு நல்ல கவுன்சலர், ஜோடிக்கும் நல்லவராக இருக்கணும்னு இல்லை

"கவுன்சலிங் போய்ப் பார்த்தாச்சு, பிரயோஜனம் இல்லை" என்று சொல்லும் ஜோடிகளிடம், யாரிடம் போனீர்கள், உள்ளே என்ன நடந்தது என்று கொஞ்சம் துருவிக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் அவர்களுக்குக் கிடைத்தது தம்பதியர் ஆலோசனையே இல்லை. தனிநபர்களுக்கு ஆலோசனை தந்து பழகிய ஒருவர், அதே முறையில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசியிருப்பார். பழி விழுவதென்னவோ அவர்களுடைய உறவின் மேல்.

இரண்டும் வேறு வேலை. தனி ஆலோசனையில் எதிரே இருப்பவரின் பக்கம் நின்று கேட்பதுதான் முறை. ஜோடி வந்தால் யார் பக்கமும் நிற்க முடியாது. ஒருவர் கேள்வி கேட்கிறார், மற்றவர் மௌனமாகிறார். மௌனத்தைப் பார்த்து இவர் குரல் ஏறுகிறது, குரல் ஏற ஏற அவர் இன்னும் உள்ளே போய்விடுகிறார். சிகிச்சை இந்தச் சுழற்சிக்குத்தான்.

ஒரு நிமிடக் காட்சியைப் பாருங்கள். "உங்ககிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்கிறார் மனைவி. கணவர் தரையைப் பார்க்கிறார். பயிற்சி இல்லாதவர் உடனே, "ஏன் சார் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்பார். அந்த நொடியில் ஒருவருக்கு எதிரே இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். அந்தக் கணவர் அடுத்த வாரம் வரமாட்டார். பயிற்சி உள்ளவர் சண்டையை அங்கேயே நிறுத்துவார். "அவங்க அப்படிச் சொன்னப்ப உங்களுக்குள்ள என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். "என்ன சொன்னாலும் தப்பாத்தான் போகும்னு தோணுது" என்று மெதுவாக வரும். பிறகு மனைவியிடம் திரும்பி, "அவர் பேசாம இருந்தப்ப உங்களுக்கு?" "நான் இங்க இருக்கறதே அவருக்குத் தெரியலைன்னு." வாரக்கணக்கில் திட்டிக்கொண்டாலும் வெளியே வராத இரண்டு வாக்கியங்கள் இவை.

1980-களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கிய, உணர்ச்சியை மையமாகக் கொண்ட சிகிச்சை இந்த வழியில் போகிறது. தம்பதியர் உறவை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மனின் முறையில் குறை சொல்லுதல், இளக்காரம், தற்காப்பு, பேசாமல் சுவர் எழுப்புதல் என்ற நான்கையும் கண்டுபிடித்து மாற்றப் பழக்குவார்கள். சண்டையின்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருந்துவிட்டுத் திரும்பி வந்து பேச வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேகப்சனும் வகுத்த முறை, மாறாத வித்தியாசங்களை ஏற்றுக்கொள்வதற்கும் பெரிய இடம் தருகிறது. எந்த முறை என்பதைவிட, ஆலோசகர் தன் முறையைப் பெயர் சொல்லி இரண்டு நிமிடத்தில் விளக்க முடிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். "ஆளுக்கு ஏத்த மாதிரி பண்ணுவேன்" என்பதோடு பேச்சு முடிந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

இதையெல்லாம் முதல் செஷனுக்கு முன்பே போனில் கேட்டுவிட வேண்டும், 15 நிமிடம் போதும். வருகிறவர்களில் எத்தனை பேர் ஜோடிகள்? பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, "அப்பப்போ வருவாங்க" என்றால் வேண்டாம். ஜோடி சிகிச்சைக்கென்று தனியாக எங்கே பயிற்சி எடுத்தார், யாருடைய மேற்பார்வையில்?

அடுத்த கேள்வியை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை: ரகசியத்தை என்ன செய்வீர்கள்? தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு முறை பார்ப்பது பல ஆலோசகர்களின் வழக்கம். அங்கே ஒருவர், "எனக்கு வேறொருத்தரோட தொடர்பு இருக்கு, சொல்லிடாதீங்க" என்றால்? ஆலோசகர் அதைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் இருவரையும் ஒன்றாகப் பார்த்தால் சிகிச்சையே பொய்யாகிவிடும். பிறகு உண்மை தெரியும்போது, ஏமாந்தவர் துணையோடு சேர்த்து ஆலோசகர் மீதும் நம்பிக்கை இழப்பார். தனியாகச் சொல்வதைத் துணையிடமிருந்து மறைத்து வைக்க மாட்டேன் என்று சிலர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சிலர், இத்தனை நாளுக்குள் நீங்களே சொல்லுங்கள், இல்லையென்றால் ஜோடி சிகிச்சையைத் தொடர முடியாது என்பார்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். இதே காரணத்துக்காகத்தான், இருவரில் ஒருவர் ஏற்கெனவே தனியாகப் பார்த்துவரும் ஆலோசகரிடம் ஜோடியாகப் போகக்கூடாது.

ஒருவர் பிரிய நினைக்கிறார், மற்றவர் சேர்ந்திருக்க நினைக்கிறார் என்றால், வழக்கமான தம்பதியர் ஆலோசனையில் உடனே இறங்குவது வீண். குடும்ப சிகிச்சையாளர் பில் டோஹர்ட்டி இதற்கென்றே ஒரு குறுகிய முறையை உருவாக்கினார். அதிகபட்சம் 5 செஷன்; பெரும்பகுதி தனித்தனியாகப் பேசுவது; பிரிவதா, இப்படியே இருப்பதா, 6 மாதம் முழுமூச்சாக முயல்வதா என்று தெளிவதுதான் நோக்கம்.

அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைப்பது, எங்கே போனாலும் கண்காணிப்பது என்று இருக்கும் இடத்தில் ஜோடி ஆலோசனை கூடவே கூடாது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை. வன்முறைக்கு அது பொருந்தாது. அறையில் உண்மையைச் சொன்னவர் வீட்டுக்குப் போய் அதற்கு விலை கொடுப்பார். அங்கே முதலில் தேவை தனி உதவியும் பாதுகாப்புத் திட்டமும். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "வீட்டில் அடி உண்டா?" என்று கேட்கும் ஆலோசகருக்கு இந்த அரிச்சுவடி தெரியவில்லை என்று அர்த்தம்.

துணை வர மறுத்தால், "நீ மாறணும், அதுக்காக வா" என்று ஆரம்பிக்காதீர்கள். "நம்ம சண்டை ஒரே இடத்துல சுத்துது, எனக்கும் வெளியே வரத் தெரியலை, மூணு தடவை மட்டும் வா" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரிடம் போனில் பேசிவிட்டு, கடைசித் தேர்வை மறுக்கிறவரிடமே விடுங்கள். தானே தேர்ந்தெடுத்த இடத்துக்குக் கால் கொஞ்சம் சுலபமாக வரும்.

ஜோடிக்கு 50 நிமிடம் குறைவு, 75 அல்லது 90 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வாரம் ஒரு முறையாவது வேண்டும். மாதம் ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் அந்த மாதத்துச் சண்டைகளைச் சொல்லி முடிக்கவே நேரம் போய்விடும். செஷன் முடிந்து வரும் வழியில் உள்ளே பேசியதைத் தொடராதீர்கள். ஆன்லைன் என்றால் ஒரே அறை, இருவர் முகமும் தெரியும்படி ஒரே கேமரா. சண்டை ஏறினால் எந்தச் சைகையில் நிறுத்துவது என்று முதலிலேயே பேசி வையுங்கள். திரைக்கு அப்பால் இருக்கும் ஆலோசகரின் குரல் இரைச்சலில் அமுங்கிவிடும்.

நான்காவது செஷன் முடிவதற்குள் உங்கள் சண்டையின் சுழற்சியை ஆலோசகர் தன் வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்டு இருவருமே "ஆமாம், இதுதான்" என்றிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தலையாட்டினால் அதை அங்கேயே சொல்லுங்கள். "நாங்க கத்த ஆரம்பிச்சா நடுவுல நிறுத்துங்க", "நீங்க அவர் பக்கம் சாய்ற மாதிரி எனக்குத் தோணுது" என்று நேராகச் சொல்லலாம். நல்லவர் கோபப்பட மாட்டார், அடுத்த முறை அவர் நடத்தும் விதத்தில் வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றால், வேறு ஒருவரைப் பரிந்துரைக்கச் சொல்லி, இதுவரை பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். புதியவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.