அந்த 50 நிமிடங்கள் என் அலமாரியில் இருக்கின்றன

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத் திரையிடலில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் அந்த வீடியோத் துண்டில் பார்த்துவிட்டீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. மைக்கில் இருந்தவர் என்னைக் கிண்டலடித்ததைப் பற்றி மூன்று நாளாக இன்பாக்ஸில் "விடுங்கண்ணா, விளையாட்டுக்குச் சொன்னார்" என்றே வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

படம் பார்த்த ஒரு பெண் கேட்டது என்ன? "முடிசூட்டு விழாவில் ஈயோவினும் ஃபாரமிரும் ஜோடியாக நிற்கிறார்களே, இவர்கள் எப்போது சந்தித்தார்கள்?" மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தவளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். மைக்கில் இருந்தவர் "அது நாவலில் வரும், படத்தில் கிடையாது" என்று முடித்துவிட்டார். படத்திலும் இருக்கிறது, வெட்டிய காட்சிகளையும் சேர்த்து வந்த நீட்டித்த டிவிடியில் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று போன வாரமே கேட்டேனே என்று எழுந்து சொன்னேன். அதற்கு வந்த பதில்தான் "அண்ணன் இன்னும் டிவிடி காலத்துலயே இருக்காரு". கூடமே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது போகட்டும். அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பதிலை இங்கே சொல்கிறேன். மூன்றாம் பாகமான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' தியேட்டரில் ஓடியது 3 மணி 21 நிமிடம். 2004 டிசம்பரில் டிவிடியாக வந்த நீட்டித்த பதிப்பு 4 மணி 11 நிமிடம். நடுவில் இருக்கிற அந்த 50 நிமிடத்துக்குள்தான் இவர்கள் சந்திக்கிறார்கள். போரில் அடிபட்டுக் கிடக்கும் ஈயோவினை நாயகன் அரகோர்ன் தேற்றுகிறான். பெற்ற தகப்பனே உயிரோடு சிதையில் ஏற்றப் பார்த்த ஃபாரமிரும் அதே வைத்தியசாலையில்தான் கிடக்கிறான். உடம்பு தேறிவரும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். காட்சி அவ்வளவுதான். வேலூர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்த குடும்பமும் அசாமிலிருந்து வந்த குடும்பமும் தோட்டப்பாளையம் லாட்ஜில் ஒரே ஸ்டவ்வில் கஞ்சி வைத்துப் பழகுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். டிவிடி என்பது தியேட்டரில் ஓடி முடிந்த படத்தின் மிச்சம் அல்ல. நாவலிலிருந்து தியேட்டருக்கு வர முடியாமல் நின்றுபோன பகுதிகள் டிவிடி வழியாகத்தான் நம் வீட்டுக்கு வந்தன. வெட்டிப்போட்டதை அப்படியே ஒட்டவும் இல்லை. படத்தை மறுபடி தொகுத்தார்கள், சேர்ந்த காட்சிகளுக்கு ஹோவர்ட் ஷோர் தனியாக இசையமைத்தார். வில்லன் மந்திரவாதி சாருமானின் முடிவு என்ன ஆனது என்று மூன்றாம் பாகத்தின் தியேட்டர் பதிப்பில் தேடிப் பாருங்கள், ஆளையே காணோம். தன் காட்சி மொத்தமும் போனதில் சாருமானாக நடித்த கிறிஸ்டபர் லீ நொந்துபோனார். அந்தச் சாவைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கு டிவிடிதான்.

எங்கள் வீட்டுக்கு அது 2006-ல் வந்தது. அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து மூன்று பாகத்தையும் வாங்கிவந்தார், பாகத்துக்கு நான்கு டிஸ்க். அதற்கு முன் நான் பார்த்திருந்தது பஜாரில் வாங்கிய திருட்டு சிடி, நடுவில் யாரோ எழுந்துபோகிற தலை தெரியும். மாமா கொடுத்த டிஸ்க்கைப் போட்டால் பிளேயர் எடுக்கவில்லை. எந்த ஊர் டிஸ்க் எந்த ஊர் பிளேயரில் ஓடும் என்பதற்கு ரீஜன் என்று ஒரு எண் உண்டு; துபாய் டிஸ்க்குக்கு இரண்டு, நம் ஊர் பிளேயருக்கு ஐந்து. சாரதி மாளிகையில் ஒரு கடைக்காரர் டிரேயைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் நாலைந்து எண் அழுத்தினார், திரையில் ஒரு சைபர் வந்தது, "இனி எல்லா ஊர் டிஸ்க்கும் ஓடும்பா" என்றார்.

நைனா ராணிப்பேட்டையில் டேனரி வேலை. இங்கிலீஷ் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்வேன். முதல் பாகத்தில் எல்ஃப் ராணி கலாட்ரியல் எல்லாருக்கும் பரிசு கொடுப்பாள். குள்ளன் கிம்லி தயங்கித் தயங்கி அவள் தலையிலிருந்து ஒரே ஒரு முடி கேட்பான். அவள் மூன்று கொடுத்தாள் என்று பிறகு படகில் சொல்லுவான். நாவலில் இருக்கும் இந்த இடம் தியேட்டர் பதிப்பில் இல்லை. நைனா அதைத் திரும்பப் போடச் சொன்னார். "ஒண்ணு கேட்டான், மூணு கொடுத்தா பாரு" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அதிகம் பார்த்தது படத்தையும் அல்ல, படம் எடுத்த கதையைச் சொல்லும் டிஸ்க்குகளை. நியூசிலாந்தில் ஒரு பட்டறையில் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்துப் போர்க்கவசம் செய்வார்கள். அந்த வேலையிலேயே கிடந்தவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனதாம். அதை நான் தமிழில் சொன்னதும் நைனா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறி வெடித்த கை. "இவனுங்கள டிவில காட்டறான் பாரு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இதை எந்த ஓடிடியில் போய்த் தேடுவது?

ஓடிடியிலும் நீட்டித்த பதிப்பு வருகிறதே என்பீர்கள். வரும். ஒப்பந்தம் முடிந்தால் போகவும் போகும். மாதாமாதம் பணம் கட்டியும் எது இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. தியேட்டர் பதிப்புதானே 11 ஆஸ்கர் வாங்கியது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாங்கியது, போட்டியிட்ட பதினொன்றையும் வாங்கியது, யார் மறுத்தார்கள்? படத்தை இயக்கிய பீட்டர் ஜாக்சனே நீட்டித்ததை 'இயக்குநர் பதிப்பு' என்று அழைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை எடுத்ததும் அவர்தானே? நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் டிவிடியிலும் இல்லையே என்றால், இல்லைதான், எனக்கும் வருத்தம்தான்.

இன்னொருவர் "வேலூர்ல உக்காந்துகிட்டு இங்கிலீஷ் படத்துக்கு இவ்ளோ சண்டையா" என்று கேட்டிருக்கிறார். இதுதான் உள்ளே குத்துகிறது. டேனரியில் தோல் உரசிய மனிதர் கரண்ட் கட்டுக்கு நடுவே இந்தப் படத்தை ஆறு தடவை பார்த்தார். யார் படம் அது? அவருக்குச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே அந்த நாவலை எடுத்துப் படிக்கத் தைரியம் வந்தது. நைனா போய் ஆறு வருடமாகிறது. அந்த டிஸ்க் உறைகளின் ஓரத்தில் அவர் விரல் பட்ட மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. டிவிடி காலம் என்று அன்று மைக்கில் சொன்னவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டுவிட்டாவது சிரித்திருக்கலாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் மூன்றாம் பாகம் போடுகிறேன். பிளேயர் பழசு, டிரே வெளியே வர ஒரு தட்டு தட்ட வேண்டும், அப்புறம் ஒழுங்காக ஓடும். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள். அவள் வந்தால் முதலில் அந்த வைத்தியசாலைக் காட்சியைப் போட்டுவிட்டுத்தான் படத்தை ஆரம்பிப்பேன்.