ஐஜிஎம் பாசிட்டிவ் ரத்தத்தை சீக்வென்சிங்குக்கு அனுப்பாதீர்கள்

மழை விட்டு காய்ச்சல் வார்டு நிரம்ப ஆரம்பித்தாலே சேலம் வாட்ஸ்அப் குரூப்களில் இந்தக் கேள்வி சுற்றும்: "இது உருமாறிய டெங்குவாமே, ஏன் எல்லாருக்கும் ஜீனோம் சீக்வென்சிங் எடுக்க மாட்டேங்கிறாங்க?" வைரஸின் மரபணு வரிசையை எழுத்து எழுத்தாகப் படிப்பதுதான் சீக்வென்சிங். அதை எல்லாருக்கும் எடுக்க வேண்டியதே இல்லை. வார்டில் படுத்திருப்பவருக்கு அந்த ரிசல்ட்டால் ஒரு பாட்டில் டிரிப்ஸ்கூட மாறாது. ஊரின் நிலவரம் தெரிய ஒழுங்காகப் பொறுக்கி எடுத்த 20, 30 மாதிரிகள் போதும். சிக்கலே அந்தப் பொறுக்கலில்தான்.

டெங்கு வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ, காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள்தான் ரத்தத்தில் தாராளமாகக் கிடைக்கும். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் ஏறும்போது வைரஸ் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் ஆன எட்டாம் நாள் சீரத்தை (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) அனுப்பினால் ரீஏஜென்ட் எனும் சோதனை ரசாயனம்தான் வீண். என்எஸ்1 (வைரஸின் புரதம்) பாசிட்டிவ், காய்ச்சலின் முதல் நான்கு நாள், வைரஸ் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் சிடி மதிப்பு 30-க்குக் கீழ் (சிடி குறைந்தால் வைரஸ் அதிகம்): இந்த மூன்றும் பொருந்துவதை எடுங்கள். சிடி 25-க்குக் கீழ் என்றால் ஏறக்குறைய முழு வரிசையும் வரும். 30 தாண்டினால் ஓட்டை ஓட்டையாக வரும்.

பச்சை மூடி ஹெப்பாரின் டியூப் வேண்டவே வேண்டாம், ஹெப்பாரின் பிசிஆரை முடக்கிவிடும். மஞ்சள் மூடி டியூபில் 3 முதல் 5 மில்லி எடுத்து, அரை மணி நேரம் உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். சீரம் பிரிக்காமல் முழு ரத்தத்தை அப்படியே ஃப்ரீசரில் வைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் கலந்துவிடும், அதுவும் பிசிஆருக்கு ஆகாது. பிரித்த சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து மறுநாளுக்குள் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். முடியாவிட்டால் மைனஸ் 80. சாதாரண ஃப்ரீசரில் வைத்து, கரன்ட் போய்ப் போய் வந்து, உருகி உறைந்து உருகிய சீரத்தில் ஆர்என்ஏ துண்டு துண்டாகிப் போயிருக்கும். ஆரம்பத்திலேயே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தால் ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிராது.

ஆய்வகத்துக்குள் முதல் வேலை, நான்கு டெங்கு வகைகளில் எது என்று பார்ப்பது. நான்கும் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை. ஒரு வகைக்கான ப்ரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்க வைரஸ் வரிசையில் ஒட்டும் சிறு துண்டு) இன்னொன்றுக்கு ஒட்டாது. டெங்குவின் ஆர்என்ஏவுக்குக் கடைசியில் 'ஏ' எழுத்தே தொடரும் பாலி-ஏ வால் கிடையாது என்பதால், அந்த வாலில் ஒட்டும் ஆலிகோ-டிடி ப்ரைமரைப் போட்டு சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) எடுக்கப் பார்த்தால் வைரஸ் வராது. எங்கும் ஒட்டும் ஆறெழுத்து ப்ரைமரான ரேண்டம் ஹெக்சமர்தான் வழி. பிறகு வைரஸ் ஜீனோமின் சுமார் 10,700 எழுத்து நீளத்தை, நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்று விளிம்பு ஏற, 400 எழுத்துத் துண்டுகளாகப் பெருக்குவார்கள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளின் ப்ரைமர்கள் ஒரே குழாயில் இருந்தால் விளிம்பை மட்டும் பெருக்கிவிடும். அதனால் ஒற்றைப்படைத் துண்டுகள் ஒரு குழாய், இரட்டைப்படை இன்னொரு குழாய்.

இங்கே இரண்டு பொய் முளைக்கும். ப்ரைமர் வரிசையை வெட்டி எறியாமல் விட்டால், நாம் ஊற்றிய எழுத்தே வைரஸின் எழுத்தாகக் கணக்கில் ஏறிவிடும். அடுத்தது, ஒரு துண்டு பெருகாமல் போன இடத்தில் ஒப்பிட வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் ஜீனோமின் எழுத்தை எடுத்து நிரப்புவது. "அந்த இடத்தில் மாற்றம் எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வரும். உண்மையில் அந்த இடத்தை யாரும் படிக்கவே இல்லை. நானோபோர் சீக்வென்சிங் கருவியில் ஓர் இடத்தை 20 முறையாவது படிக்காவிட்டால் 'தெரியவில்லை' என்பதற்கான 'என்' (N) போட்டு விட்டுவிடுவதே நேர்மை. ஒவ்வொரு பேட்ச்சிலும் வெறும் தண்ணீரையும் ஒரு மாதிரியாக ஆரம்பம் முதல் ஓட்ட வேண்டும். தண்ணீரில் டெங்கு வந்தால் அந்த பேட்ச் மொத்தமும் சந்தேகம்தான், எவ்வளவு செலவாகியிருந்தாலும்.

"எந்த வீட்டில் ஆரம்பித்தது என்று சீக்வென்சிங் காட்டிவிடுமே" என்பார்கள். காட்டாது. முழு ஜீனோமிலும் வருஷத்துக்கு ஏறத்தாழ எட்டு எழுத்துதான் மாறுகிறது. கொண்டலாம்பட்டியில் ஒரே தெருவில் ஒரு வாரம் விட்டுப் படுத்த இருவரின் வைரஸும் அநேகமாக எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். போன வருஷத்து வைரஸே ஊரில் தங்கிவிட்டதா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா, ப்ரைமர் இன்னும் சரியாக ஒட்டுகிறதா என்பதையெல்லாம் சொல்லும். அதற்கும் மாதிரியோடு வரும் படிவம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஊர் என்ற இடத்தில் "சேலம்" என்று மட்டும் எழுதி வந்தால், ஆத்தூரா ஓமலூரா சூரமங்கலமா என்று யாருக்குத் தெரியும்? ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், காய்ச்சல் தொடங்கிய தேதி (ரத்தம் எடுத்த தேதி வேறு), கடந்த இரண்டு வாரத்தில் திருப்பூர், பெங்களூரு போனாரா என்பது எல்லாம் அதில் வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டாம், வயதும் பாலினமும் போதும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கணக்கே வேறு. கீழே டவுனில் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் வளரும் ஈடிஸ் எஜிப்டி கொசு. மலையில் காபித் தோட்டத்து மரப்பொந்து, மூங்கில் குத்து, தூக்கிப் போட்ட டம்ளர் என்று தேங்கும் தண்ணீரெல்லாம் ஈடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குத் தோது. சிக்குன்குனியா வைரஸின் ஈ1 புரதத்தில் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற இன்னொன்று வந்தால், அந்த அல்போபிக்டஸில் வைரஸ் நன்றாகப் பெருகும். 2005-06-ல் ரீயூனியன் தீவில் பார்த்ததை 2007-ல் கேரளாவில் பார்த்தார்கள். ஜீனோமில் இது ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஆகவே ஏற்காட்டிலிருந்து வரும் காய்ச்சல் மாதிரி டெங்கு நெகட்டிவ் என்றால் கொட்டிவிடாமல் சிக்குன்குனியா பிசிஆரும் ஓட்டுங்கள். பாசிட்டிவ் வந்தால் முழு ஜீனோமுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஈ1 துண்டை மட்டும் சாங்கர் முறையில் (ஒரு சின்னத் துண்டை மட்டும் படிக்கும் பழைய முறை) படித்தாலே வாலின் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் கொசுப் புகையும் அபேட் எனும் புழுக்கொல்லி மருந்தும் டவுன் தொட்டிகளோடு நிற்காமல் எஸ்டேட் லைன் வீடுகளைச் சுற்றியும் போக வேண்டும்.